கொடுத்த இடமும் எடுத்த இடமும்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஒலிம்பிக் முடிந்ததும் நாளிதழில் பதக்கப் பட்டியலைத் தேடுவது நம்மில் பலருக்கு வழக்கம். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே போய், நம் நாட்டின் பெயர் எங்கே கிடக்கிறதென்று கண்டுபிடித்து, ஒரு பெருமூச்சுடன் தாளை மடித்து வைத்துவிடுவோம். அந்தப் பட்டியலுக்குள் வராதவர்களைப் பற்றி நமக்கு என்ன கவலை? 2021-ஆம் ஆண்டு டோக்கியோவில் ஆண்களுக்கான 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் சஜன் பிரகாஷ் இருபத்து நான்காவதாக வந்தார். “இதுக்கா மக்களே அவ்வளவு தூரம் போனான்?” என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்கு அன்று சொல்ல நினைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அது நீச்சல் குளத்தோடு நிற்காமல் நம் கல்லூரி வாசல்வரை வருவதால், நண்பர்கள் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டும்.

பட்டர்ஃபிளை என்று வழங்கும் இந்த நீச்சல் மற்றவற்றைப் போன்றதன்று. இரு கைகளையும் ஒரே நேரத்தில் தண்ணீருக்கு மேலே தூக்கி முன்னால் வீச வேண்டும். இரு கால்களையும் சேர்த்து, மீன் வாலடிப்பது போல் அடிக்க வேண்டும். சுவரைத் தொடும்போது இரு கைகளும் ஒன்றாகத் தொட வேண்டும். தவறினால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். மார்பு நீச்சலிலிருந்து கிளைத்த இவ்வகை 1952-இல் தனியாகப் பிரிக்கப்பட்டு, 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் முதன்முதலாகத் தனிப் பந்தயமாயிற்று. 200 மீட்டர் என்றால் ஐம்பது மீட்டர் குளத்தில் நான்கு நீளம். மூன்றாவது நீளத்திலேயே கைகள் தண்ணீரை விட்டு எழ மறுக்கும் என்கிறார்கள்.

நீச்சல் என்றதும் மார்த்தாண்டத்துக்காரர்களாகிய நமக்கு ஒரு மிதப்பு உண்டு. குழித்துறைத் தாமிரபரணியில் குதித்து வளர்ந்தவர்களுக்கு நீச்சலை யார் சொல்லித் தரவேண்டும் என்போம். ஆனால் ஆற்று நீச்சல் அக்கரை சேர்வதற்கான நீச்சல். தலையை வெளியே வைத்துக்கொண்டு, இழுப்புக்கு இசைந்து, மூச்சைச் சேமித்துப் போவது. வண்ணத்துப்பூச்சி நீச்சல் ஆற்றில் தானாக முளைப்பதில்லை. அதற்குக் குளம் வேண்டும், தொட்டுத் திரும்பச் சுவர் வேண்டும், கடிகாரம் வேண்டும், கரையில் நின்று திருத்துவதற்கு ஒருவர் வேண்டும்.

சஜன் பிரகாஷ் பிறந்தது கேரளத்தின் இடுக்கியில். வளர்ந்தது நம் தமிழ்நாட்டின் நெய்வேலியில். தாயார் சாந்திமோள் தடகள வீராங்கனை. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் பணியாற்றியவர். அந்த நகரியத்தில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. நிலக்கரி தோண்டுவதற்காக அரசு எழுப்பிய ஊரில், ஊழியர் பிள்ளைகள் நீந்தட்டுமென்று வெட்டிய குளத்தில் அவர் நீந்தப் பழகினார்.

2016-இல் அவர் ரியோ ஒலிம்பிக்கிற்குப் போனார். எப்படிப் போனார் என்பதுதான் இக்கட்டுரைக்கு முக்கியம். தகுதி நேரத்தை எட்டிய நீச்சல்காரர் இல்லாத நாடுகளுக்கு ஆண் ஒருவர், பெண் ஒருவர் என அனுப்ப இடம் கொடுப்பார்கள். எல்லா நாடுகளும் பங்குபெற வேண்டும் என்ற எண்ணத்தில் ஏற்பட்ட ஏற்பாடு அது. சஜன் அந்த இடத்தில்தான் போனார். 1 நிமிடம் 59.37 வினாடியில் நீந்தி இருபத்தெட்டாவதாக வந்தார். இரக்கப்பட்டுக் கொடுத்த இடம், அதிலும் கடைசி வரிசை என்று சொல்வோருக்கு அன்று வசதியாகத்தான் இருந்திருக்கும்.

2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. கேரளத்தைப் பெருவெள்ளம் மூழ்கடித்த நாட்கள் அவை. இடுக்கியிலிருந்த உறவினர் சிலரைப் பற்றித் தகவல் இல்லாதிருந்த நிலையில் அவர் இறுதிப் பந்தயத்தில் இறங்கினார். 1 நிமிடம் 57.75 வினாடி, ஐந்தாமிடம். 1986 சியோலில் கஜான் சிங் இதே பந்தயத்தில் வெள்ளி வென்றபின், முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அந்த இறுதிப் பந்தயத்தில் ஓர் இந்தியர்! பின்னர் கழுத்து எலும்பு வட்டில் காயம். 2020-இல் கொரோனா ஊரடங்கில் தாய்லாந்தில் அகப்பட்டுக்கொண்டார். அங்கிருந்து மீண்டு, துபாயில் தம் பழைய பயிற்சியாளர் பிரதீப் குமாரிடம் போய்ச் சேர்ந்தார்.

2021 ஜூன் 26. ரோம் நகரில் ஒரு போட்டி. டோக்கியோவுக்கு நேரடித் தகுதி 1 நிமிடம் 56.48 வினாடி; சஜன் எடுத்தது 1 நிமிடம் 56.38. ஒலிம்பிக்கின் அந்த ‘ஏ’ தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல்காரர் அவரே. பத்தில் ஒரு வினாடி என்றால் எவ்வளவு? அவர் வேகத்துக்குக் கணக்கிட்டால் பதினேழு சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு.

இயற்பியல் மாணவனிடம் அகப்பட்ட எண்கள் சும்மா இருக்குமா? ரியோ சஜனையும் ரோம் சஜனையும் ஒரே குளத்தில் இறக்கினால், பின்னவர் சுவரைத் தொடும்போது முன்னவர் ஐந்து மீட்டர் பின்னால் இருப்பார். நேரத்தில் மூன்று வினாடிக்குச் சற்றுக் குறைவு. வேகத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கு. ஆனால் தண்ணீரின் தடை ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவது. செலவாகும் திறனோ மும்மடிக்கு ஏற்பக் கூடுவது. ஆகவே இரண்டரை பங்கு வேகத்துக்கு எட்டு பங்கு திறன் வேண்டும். பிரமாதக் கணக்கில்லை, முதலாமாண்டுப் பாடந்தான். அந்த எட்டு பங்கை உடம்பில் சேர்க்க அவருக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின.

இனி நம் கதைக்கு வருகிறேன். என் தந்தை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். தாயார் அண்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதே நிலையில் உள்ள பலர் என் வகுப்பில் உண்டு. நாங்கள் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று: “உங்களுக்கென்ன, சும்மா கிடைச்ச சீட்டு.” கட்டணச் சலுகையையும், உதவித்தொகையையும், இட ஒதுக்கீட்டையும் சேர்த்து ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கொடுத்த இடத்தில் வந்தவன் கடைசிவரை கொடுத்த இடத்துக்காரன்தான் என்பது அவர்கள் முடிவு. ரியோவிலிருந்து ரோம் வரை போன இந்த மனிதரை அவர்கள் எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? கொடுத்த இடத்தில் போனவர்தானே ஐந்தாண்டில் நேரத்தைக் காட்டி இடத்தை எடுத்துக்கொண்டார்?

விடுதியில் ஒரு நண்பன் இதை மறுத்தான். “ஒலிம்பிக்கில் கூடுதலாக ஒருவர் நீந்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே ஒரு சீட்டு உனக்குப் போனால் இன்னொருவனுக்கு இல்லை” என்றான். நியாயமான கேள்வி, மழுப்ப நான் விரும்பவில்லை. நஷ்டம் உண்டு. ஆனால் அந்த இன்னொருவன் வாசலுக்குக் கொண்டுவரும் மதிப்பெண் முழுவதும் அவன் எடுத்ததுதானா? வீட்டில் ஆங்கிலம், தெருமுனையில் டியூஷன், படித்த அப்பா. இவை யாவும் நெய்வேலிக் குளம் போன்றவை அல்லவா? சஜனின் உழைப்பை நான் குறைக்கவில்லை. அந்தக் குளமும் விளையாட்டறிந்த தாயும் இல்லாமல் அதே உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்றுதான் கேட்கிறேன். பிறக்கும்போதே கொடுக்கப்பட்டதை எடுத்தது என்றும், பதினெட்டு வயதில் கொடுக்கப்பட்டதைச் சும்மா கிடைத்தது என்றும் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

அந்த நண்பன் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இடம் கிடைத்தபின் கடிகாரம் எவரையும் பார்த்து இரங்குவதில்லை. டோக்கியோவில் சஜனின் நேரம் 1 நிமிடம் 57.22 வினாடி. அரையிறுதிக்குப் பதினாறு பேர். அவர் அதில் இல்லை. தங்கம் வென்ற ஹங்கேரியின் மிலாக் 1 நிமிடம் 51.25-இல் முடித்தார். இந்த ஆறு வினாடியை எந்தச் சலுகையும் அடைக்காது. எங்கள் வகுப்பிலும் அரியர் வைத்திருப்பவர்கள் அரியரை எழுதித்தான் தீரவேண்டும்.

நம் உடற்கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிகளுக்கிடையேயான நீச்சல் போட்டிக்கு நம்மிடமிருந்து எவரும் போவதில்லை. முன் சான்றிதழ் உள்ளவர் யாருமில்லை என்பது காரணம். போன பின்புதானே சான்றிதழ்? ஆற்றில் நீந்தும் பையன்கள் முதலாமாண்டில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஒருவன் பெயரைக் கொடுத்து அனுப்புங்கள். வண்ணத்துப்பூச்சி வேண்டாம், அது தெரியாது; ஃப்ரீ ஸ்டைல் போதும். கடைசியாகத்தான் வருவான். ஆனால் அவன் நேரத்தை ஒரு தாளில் குறித்துக் கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு அதிலிருந்து கழித்துப் பார்க்கலாம்.