ஞாயிற்றின் சீற்றமும் நமது ஆயத்தமும்

1989ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் அதிகாலை 2.44 மணியளவில், கியூபெக் மாகாணத்தின் மின்வலையமைப்பு இரண்டு நிமிடங்களுக்குள் முற்றாகச் செயலிழந்தது. ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் இருளில் ஆழ்ந்தனர். பெரும்பாலானோருக்கு மின்சாரம் மீள ஒன்பது மணி நேரம் சென்றது. கோட்-டெ-நெய்ஜ் அடுக்குமாடிகளில் அப்போது குடியேறத் தொடங்கியிருந்த எம்மவரும் அவ்விருளுக்குத் தப்பவில்லை. போரின் பொருட்டு மின்சாரம் இழந்த அனுபவம் அவர்களுக்குப் பழையது. ஆயின் இம்முறை அதனைத் துண்டித்தது எந்தப் படையும் அன்று. 15 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஞாயிறு.

மார்ச் 10ஆம் நாளும் அதனை அடுத்தும் ஞாயிற்றில் நிகழ்ந்த வெடிப்புகள் மின்னேற்றமுற்ற துகள்களைப் பெருமுகில்களாக விண்ணில் வீசின. அவை மோதியதும் பூமியின் காந்தப்புலம் குலுங்கியது. அக்குலுக்கம் நிலத்தடியில் மின்னோட்டங்களைத் தூண்டியது. கியூபெக்கின் பெரும்பகுதி மின்னை எளிதிற் கடத்தாத தொன்மையான பாறைமீது அமைந்துள்ளது. எனவே அம்மின்னோட்டம், ஜேம்ஸ் குடாவிலிருந்து ஆயிரம் கிலோமீற்றர் அளவுக்குத் தெற்கே வரும் உயரழுத்த மின்கம்பிகளையே வழியாகக் கொண்டது. மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் ஏழு சாதனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே நின்றுபோயின. எஞ்சியவை சுமை தாங்காது சரிந்தன.

நாம் பிறந்த மண் பூமியின் காந்த நடுக்கோட்டை அண்டியது. 1963இல் தும்பாவில் ஏவுகணைத் தளம் அமைக்கப்பட்டதற்கும் அக்கோட்டின் அண்மையே காரணம். புலம்பெயர்ந்து நாம் வந்து சேர்ந்த இந்நாடோ காந்தத் துருவத்தை நோக்கியது. பொங்கலிட்டு நாம் வணங்கிய அதே ஞாயிறு, இங்கே மற்றுமொரு முகத்தைக் காட்டுகிறது. இதனை எமது பாட்டன் பாட்டியர் சொல்லித் தந்ததில்லை. நாமே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கற்றவர்கள் பயனடைந்துள்ளனர் என்பதற்கு ஹைட்ரோ-கியூபெக் நிறுவனமே சான்று. 1989க்குப் பின் அது தன் பாதுகாப்புச் சாதனங்களின் அளவுகளைத் திருத்தியது. நீண்ட மின்கம்பித் தடங்களில் கொள்ளளவிகளைப் பொருத்தியது. காந்தப் புயல் வேளைகளில் மின்வலையை இயக்கும் முறையையும் மாற்றியது. 2024ஆம் ஆண்டு மே 10, 11ஆம் நாள்களில் 2003க்குப் பின் மிகக் கடுமையான காந்தப் புயல் வீசியது. லடாக்கின் ஹன்லே வானிலும் செந்நிற ஒளி தென்பட்டது. எனினும் கியூபெக் 1989இன் இருளை மீண்டும் காணவில்லை.

இக்காவலில் தமிழகத்துக்கும் பங்குண்டு. கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டுகளுக்கு மேலாக ஞாயிற்றைக் கண்காணித்து வருகிறது. 2023 செப்டெம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 செய்மதித் திட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நிற்கும் இத்தகைய விண்கலங்கள், புயல் பூமியை எட்டுவதற்குச் சற்று முன்னரே அதனை உணர்ந்துவிடுகின்றன. ஒட்டாவாவிலுள்ள விண்வானிலை முன்னறிவிப்பு நிலையம் எச்சரிக்கைகளை வெளியிடுகிறது.

ஞாயிற்றின் நடப்புச் சுழற்சி உச்சக் காலத்தை எட்டியதாக 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது. உச்சம் கடந்தால் ஆபத்தும் கடந்துவிடும் என்று எண்ணலாகாது. 2003ஆம் ஆண்டின் பெரும்புயல்கள் முந்தைய உச்சத்துக்குப் பின்னரே வந்தன. அதேவேளை, இப்புயல் தரையிலுள்ள மனிதரின் உடலைத் தீய்க்கும், உலகை அழிக்கும் என்றெல்லாம் பரப்பப்படும் வதந்திகளுக்குச் செவிசாய்க்கவும் வேண்டாம். காற்றுமண்டலமும் காந்தப்புலமும் நம்மைக் காக்கின்றன. ஆபத்து உடலுக்கன்று, உடல் நம்பியிருக்கும் மின்சாரத்துக்கே.

அவ்வாபத்தைக் குறைத்து மதிப்பிடுவதும் தவறு. இம்மாகாணத்தின் பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தாலேயே வெப்பமூட்டப்படுகின்றன. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த எம்மவர், இருளைச் சமாளிப்போம் என்று துணிவுடன் இருக்கலாம். அத்துணிவு நன்று, அம்முறை இங்கே பொருந்தாது. காற்றோட்டமுள்ள முற்றத்து வீடும், பனிக்கு அஞ்சி அடைத்த அடுக்குமாடியும் ஒன்றல்ல. 1998 ஜனவரிப் பனிமழைப் பேரிடரின்போது, வீட்டுக்குள் வெப்பம் தேடியவர்களுள் சிலர் காபனோரொட்சைட்டு எனும் மணமற்ற நச்சுவாயுவால் மாண்டனர். கரி அடுப்பையோ வெளியிற் பயன்படுத்தும் எரிவாயு அடுப்பையோ எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் மூட்டலாகாது.

மின்சூள், பற்றரியில் இயங்கும் வானொலி, குடிநீர், கம்பளிப் போர்வை, சில நாள்களுக்கான மருந்து ஆகியன ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டும். ஆயினும் பொருள்கள் மட்டும் போதா. பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ வரும் அவசர அறிவித்தலை விளங்கிக்கொள்ள இயலாது தனித்து வாழும் முதியோர் நம்மிடையே பலர். மின்தூக்கி நின்றுபோன கட்டடத்தின் மேல்மாடியில் அவர்களின் கதவைத் தட்டப்போவது யார்? எமது சங்கங்களும் ஆலயங்களும் இதற்கு இன்றே விடை காணல் வேண்டும். மாடிக்கு ஒருவர் பொறுப்பேற்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. நகராட்சியும் தன் அவசர அறிவித்தல்களை இப்பகுதி மக்களின் மொழிகளில் வெளியிட முன்வருதல் வேண்டும்.

ஞாயிற்றின் சீற்றத்தைத் தடுக்க எவராலும் இயலாது. அயலவரின் கதவைத் தட்ட நம் ஒவ்வொருவராலும் இயலும்.