மாணவரோடு மலையேறும் பேராசிரியர்களுக்கு

கண்டிக்கு வெளிநாட்டு மாணவர்களை அழைத்து வரும் பேராசிரியர்களும், அவர்களை வரவேற்கும் நம் பல்கலைக்கழகங்களும் இனியும் அதிர்ஷ்டத்தை நம்பியிருக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது கண்டி மாவட்டம். மலைகள் சரிந்தன, வீதிகளும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. அப்படியொரு இரவில் மலைச்சரிவு விடுதியில் தங்கியிருக்கும் இருபது வயதுப் பிள்ளைகளை வெளியேற்றும் முடிவை எடுப்பது யார்? இதற்கான பதில் இன்றே எழுத்தில் இருக்க வேண்டும்.

இத்தகைய பயணங்கள் கண்டிக்குப் புதியவை அல்ல. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிகள் சில சேர்ந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் துணையோடு ‘ஐல்’ என்ற கல்வித் திட்டத்தைத் தொடங்கின. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பணிப்பாளராக வருவார். மாணவர்கள் கண்டிக் குடும்பங்களோடு தங்கிப் படிப்பார்கள். அந்த வீட்டுச் சமையலறையில் கற்றதை எந்த வகுப்பறையும் தந்திருக்காது. இத்தகைய பயணங்கள் தொடர வேண்டும் என்பதாலேயே எச்சரிக்கிறோம்.

குழுவைக் கூட்டிச் செல்லும் ஆசிரியர் எந்த நிலையில் மாட்டிக்கொள்வார் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1956இல் கல்லோயாவில் கலவரம் வெடித்தபோது, சிங்கள, தமிழ் மாணவர்கள் கலந்த ஆய்வுக் குழுவோடு அங்கே நின்றவர் பேராதனையில் கற்பித்த எஸ். ஜே. தம்பையா. பின்னாளில் உலகறிந்த மானிடவியலாளரான அவருக்கு அன்று படிப்பு துணைவரவில்லை. பிள்ளைகளின் உயிர்தான் முதற்கடமையாயிற்று.

கண்டியும் பலமுறை அப்படி அதிர்ந்திருக்கிறது. 1998 ஜனவரியில் தலதா மாளிகையில் குண்டு வெடித்தது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். அவசரகால நிலை, ஊரடங்கு. அப்போது வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் முடக்கப்பட்டதை மறக்கக் கூடாது. வெவ்வேறு வீடுகளில் தங்கும் மாணவர்களை வாட்ஸ்அப் குழுவால் மட்டும் இணைத்து வைத்திருக்கும் எந்த ஆசிரியருக்கும் அது பெரிய பாடம்.

பருவமும் சாதகமாக இல்லை. மேலைநாட்டுக் கல்லூரிகளின் இலையுதிர்காலப் பருவம் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை. நமக்கோ ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழையும் புயலும் மலைச்சரிவைக் குலைக்கும் மாதங்கள். ஹந்தானை, நக்கிள்ஸ், லூல்கந்துர எனப் பயணத் திட்டம் போடுவோர் இந்தக் காலண்டரையும் அருகில் வைக்க வேண்டும்.

ஆகவே எமது கோரிக்கைகள் இவை. எந்தக் குழுவும் ஒரே ஒரு பேராசிரியரை நம்பி வரக்கூடாது. சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் அறிந்த உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும். தங்கும் வீடும் விடுதியும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட வேண்டும். இணையம் நின்றாலும் இயங்கும் தொலைபேசிப் பட்டியலும், ஒன்றுகூடும் இடமும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் சேவையின் 1990 ஆகிய இலக்கங்களை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். சிவப்பு எச்சரிக்கை வந்தால், கட்டணமும் மதிப்பெண்ணும் போய்விடுமென்ற தயக்கமின்றிப் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் பேராசிரியருக்கு எழுத்தில் வழங்கப்பட வேண்டும்.

ஆபத்து வேளையில் விருந்தாளிப் பிள்ளையைக் காக்கும் சுமை அடைக்கலம் தரும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. அவர்களுக்கும் பயிற்சி தேவை. நம் பல்கலைக்கழகங்களின் சொந்தக் களப்பயணங்களுக்கும் இதே விதி பொருந்தும். தோட்ட லயன்களுக்கு ஆய்வுக்குச் செல்லும் நம் மாணவரின் உயிர் யாருடையதையும்விடக் குறைந்ததல்ல.

அடுத்த மழைக்கு முன்பே பேராதனைப் பல்கலைக்கழகமும் மாவட்டச் செயலகமும் இதற்கான பொது விதிமுறையை வெளியிட வேண்டும். அதை ஏற்காத குழுவுக்கு அனுமதி வழங்கக் கூடாது.