காக்கிச் சட்டைக்கு விலை பேசாதீர்!

போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் லிங்கராஜபுரத்திலும் தரகர்கள் தலைகாட்டுகிறார்கள். "இன்னாருக்கு இவ்வளவு கொடுத்தால் வேலை நிச்சயம்" என்கிறார்கள். சென்ற மாதம் நமது சங்கத்துக்கு வந்த தாய் ஒருவர், இருந்த நகையெல்லாம் அடகு வைத்துத் தரகன் கையில் கொடுத்துவிட்டதாகச் சொல்லி அழுதார். மகன் இன்னும் விண்ணப்பமே போடவில்லை! அந்தக் கண்ணீர்தான் இதை எழுத வைத்தது.

தோழர்களே, பணம் கொடுத்து வாங்கிய வேலை என்ன ஆனது என்பதை இந்த மாநிலமே கண்டது. 545 சப்-இன்ஸ்பெக்டர் பதவிகளுக்கு 2021 அக்டோபர் 3 அன்று எழுத்துத் தேர்வு நடந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். விடைத்தாளை வெறுமையாக விட்டுவந்து, பின்னால் ஆள் வைத்து நிரப்பிய மோசடியை சி.ஐ.டி. வெளிக்கொணர்ந்தது. 2022 ஏப்ரலில் தேர்வு ரத்தாயிற்று. ஜூலையில், ஆட்சேர்ப்புப் பிரிவின் தலைவராக இருந்த கூடுதல் டி.ஜி.பி.யே கைதானார். மறுதேர்வு நடந்தது 2024 ஜனவரி 23 அன்று! பணம் கொடுத்தவன் வழக்கில் சிக்கினான். கொடுக்காமல் இரவெல்லாம் விழித்துப் படித்தவனோ இரண்டு வருடத்துக்கு மேல் காத்துக் கிடந்தான். இந்த அநியாயத்துக்கு யார் பொறுப்பு?

தரகன் விற்பதாகச் சொல்லும் பொருள்தான் என்ன? இதுவரை வந்த அறிவிக்கைகளின்படி, சிவில் கான்ஸ்டபிளுக்கு பி.யு.சி., ஆயுதப்படைக்கு எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி போதும். எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண். ஆண்களுக்கு உயரம் 168 சென்டிமீட்டர், பெண்களுக்கு 157. ஆண்கள் 1600 மீட்டரை ஆறரை நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டு நிமிடத்திலும் ஓட வேண்டும். தரகன் வந்து நம் பிள்ளைக்காக ஓடப் போகிறானா? விடியற்காலையில் மைதானத்துக்குப் போகும் கால்கள்தாம் ஓடும்.

உண்மையான தடைகள் வேறு. ஒன்று, கன்னடம். நம் பிள்ளைகள் தெருவில் கன்னடம் பேசுகிறார்கள். எழுதச் சொன்னால் திணறுகிறார்கள். உண்ணும் சோற்றைத் தரும் மண்ணின் மொழியை எழுதக் கற்பது தமிழுக்குத் துரோகம் ஆகாது. இரண்டு, சாதிச் சான்று. தமிழ்நாட்டிலிருந்து பின்னாளில் குடிபெயர்ந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கு இங்கே இட ஒதுக்கீடு இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1990-இலும் 2018-இலும் உறுதி செய்தது. 1950-க்கு முன்பே இங்கு வந்த குடும்பங்கள் அதை நிரூபிக்க வேண்டும். பாட்டனாரின் மில் சீட்டு, பழைய பள்ளிச் சான்று, வீட்டு வரி ரசீது எதையும் எறிந்துவிடாதீர்கள். அறிவிக்கை வந்தபின் தேடினால் கிடைக்காது.

நாம் ஏன் இதில் இவ்வளவு அக்கறை கொள்கிறோம்? 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது இந்நகரில் நம் குடிசைகள் எரிந்ததை மறந்தவர் யார்? அந்த இரவுகளில் காவல் நிலையத்துக்கு ஓடியவர்கள், தம் குறையைத் தம் மொழியில் கேட்க ஒருவர் இருக்கமாட்டாரா என்று ஏங்கினார்கள். கன்னடச் சகோதரர்களோடு தோளோடு தோள் நின்று காக்கி உடுத்தும் நம் பிள்ளைகள், இரு சாராருக்கும் பாலமாக இருப்பார்கள்.

அரசிடம் நாம் கேட்பது சலுகை அல்ல, நேர்மை. எழுதியவர் ஒவ்வொருவருக்கும் விடைத்தாளின் நகல் கொடு! எல்லோர் மதிப்பெண்ணையும் வெளியிடு! தேர்வைக் காலம் தவறாமல் நடத்து!

நம்மவர்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் வாங்குவது போலக் கொடுப்பதும் குற்றம். நிர்ப்பந்தத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தாக வேண்டும். தரகன் வாசலுக்கு வந்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். சேர்ந்தே போய்ப் புகார் கொடுப்போம். அந்தத் தாயின் பணத்தை மீட்கவும் சங்கம் துணை நிற்கும்.

ஞாயிறுதோறும் சங்க வாசகசாலையில் கன்னட எழுத்து வகுப்பு நடக்கிறது. கட்டணம் கிடையாது. பிள்ளைகளை அனுப்புங்கள், பெண் பிள்ளைகளையும் சேர்த்து!