பைசா வரை விலை தெரியும், ஆள் இருக்கிறாரா தெரியாது

மருந்து பூசிய ஸ்டென்ட் 38,933 ரூபாய் 14 பைசா. வெறும் உலோக ஸ்டென்ட் 10,692 ரூபாய் 69 பைசா. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த உச்சவரம்பு இது, ஜிஎஸ்டி தனி. உற்பத்தியாளருக்கு இது போதாது, நோயாளிக்கு அதிகம். வரம்பு இருந்தே ஆக வேண்டும் என்பது இந்த இதழின் நிலை. 2017 பிப்ரவரிக்கு முன் ஒரு ஸ்டென்ட்டுக்கு லட்சத்துக்கு மேல் பில் போட்ட காலத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை. மறந்ததுபோல் காட்டிக்கொள்பவர்கள் உண்டு.

விலையைப் பற்றி இவ்வளவு போதும். பில்லில் ஸ்டென்ட்டின் பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச் எண் எல்லாம் தனியாக இருக்க வேண்டும் என்று 2017 ஆணை சொன்னது. நல்ல விதி. ஆனால் அந்த பில் நோயாளி வீட்டு பீரோவுக்குள் போய்விடுகிறது. பேட்ச் எண்ணிலிருந்து ஆளைத் தேடிப் போக நம்மிடம் வழி இல்லை. 2017 செப்டம்பரில் கரையும் ஸ்டென்ட்டான அப்சார்ப்பின் விற்பனை உலகெங்கும் நிறுத்தப்பட்டபோது, அதைப் பொருத்திக்கொண்டவர்கள் இங்கே எங்கெங்கே இருக்கிறார்கள் என்று யாரிடம் கேட்டிருக்க முடியும்?

முட்டுக்காடு, கோவளம் குப்பங்களில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் ஈசிஆரில் சென்னைக்கோ, கோவளத்தில் திரும்பிக் கேளம்பாக்கத்துக்கோ, செங்கல்பட்டுக்கோ கொண்டுபோவார்கள். பிசிஐ ஓரிடம், பிறகு பிரஷர் பார்ப்பது வேறிடம், மாத்திரை தெருமுனை மெடிக்கலில். "அடைப்பு எடுத்தாச்சு, இனி எதுக்கு மாத்திரை?" என்று நான்காம் மாதம் குளோபிடோக்ரெலை நிறுத்துவார், அல்லது பல் பிடுங்கப் போன இடத்தில் நிறுத்தச் சொல்வார்கள். அவர் வீட்டிலேயே இறந்தால் ஸ்டென்ட் வைத்த மருத்துவமனையின் கணக்கில் அவர் இன்னும் 'வெற்றிகரமான பிசிஐ'தான். இயாகோவுவும் சக ஆய்வாளர்களும் 2005இல் காட்டியது நமக்குத் தெரியும்: ஒன்பது மாதத்தில் ஸ்டென்ட் த்ராம்போசிஸ் 1.3 சதவீதம்தான், ஆனால் அது வந்தவர்களில் 45 சதவீதம் பேர் இறந்தார்கள். மாத்திரையை முன்கூட்டி நிறுத்தியதே முதல் காரணி. இன்னொரு பக்கம், மூன்றாண்டில் வரும் புதுப் பிரச்சினைகளில் ஏறக்குறைய பாதி, ஸ்டென்ட் வைக்காத வேறு இடங்களிலிருந்து வருகிறது என்றது ப்ராஸ்பெக்ட் ஆய்வு. இறந்தவருக்கு இரண்டில் எது வந்தது? எண்ணாதவர்களுக்கு இதற்குப் பதில் கிடையாது.

எண்ண முடியாது என்று சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டு ஸ்டெமி திட்டத்தின் 2017 அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். 2,420 நோயாளிகள். மருத்துவமனைக்குள் இறப்பு, திட்டத்துக்கு முன் 5.8 சதவீதம், பின் 5.6. வித்தியாசமே இல்லை. ஓராண்டு முடிவில் 17.6 சதவீதம் 14.2 ஆனது. டிஸ்சார்ஜோடு எண்ணுவதை நிறுத்தியிருந்தால், திட்டம் வீண் என்று கோப்பை மூடியிருப்பார்கள். பிழைத்த உயிர்கள் எல்லாம் வாசலுக்கு வெளியே பிழைத்தவை.

நம் அதிகாரிகளுக்கோ வாசல்தான் எல்லை. காப்பீட்டுப் பணம் வர ஆஞ்சியோ படம் கேட்கிறார்கள், ஸ்டென்ட் வைத்தபின் படம் கேட்கிறார்கள், டப்பாவிலிருந்து உரித்த ஸ்டிக்கர் கேட்கிறார்கள். ஒட்டாமல் விட்டால் கோரிக்கை திரும்பி வரும். ஓராண்டு கழித்து அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்று எங்கேயும் கேட்பதில்லை. உலோகத்துக்கு இரண்டு தசம இடம் வரை கணக்குப் பார்க்கிற அரசுக்கு ஆள் மட்டும் தோராயம். அந்தக் காப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம் கூட்டுவதை எந்தக் கம்பெனியும் எதிர்த்து வழக்குப் போடப் போவதில்லை. அதனாலேயே யாருக்கும் அவசரம் இல்லையோ என்னவோ.

முப்பதாம் நாளிலும் ஓராண்டு முடிவிலும் மூன்று கேள்விகள்: உயிரோடு இருக்கிறாரா, மறுபடி மாரடைப்பு வந்ததா, இரட்டை ஆன்டிபிளேட்லெட் எப்போது நின்றது. பேட்ச் எண்ணோடு சேர்த்து ஒவ்வொரு கேத் லேபும் இதைப் பதிய வேண்டும், பதியாத மையத்துக்குக் காப்பீட்டு அங்கீகாரம் புதுப்பிக்கப்படக் கூடாது. ஆணை வரும் வரை, டிஸ்சார்ஜ் சீட்டில் நோயாளியின் எண்ணோடு வீட்டில் இன்னொருவரின் செல்பேசி எண்ணையும் வாங்கி வையுங்கள்.