எந்த ஏழையின் ஊட்டி?

ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்று சொல்வது வழக்கம். நாம் ஒன்று கேட்கிறோம்: எந்த ஏழைக்கு அது ஊட்டி?

மலையின் அழகைப் பற்றி நமக்கு வழக்கு இல்லை. சேலத்து வெயிலைவிட்டு 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சில்லென்ற காற்று. நல்ல மழை பெய்து ஏரி நிரம்பினால், வழியும் தண்ணீர் கிளியூரில் ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. படியிறங்கிப் போய் அந்தச் சாரலில் சற்று நின்றால் உடம்பு வலி மறந்துபோகும். அப்படியானால் உடம்பு வலி உள்ளவனல்லவா முதலில் அங்கே போக வேண்டும்?

போகிறவர் யார்? கோடை விழா வந்தால் கார்கள் வரிசையாக ஏறுகின்றன. அடிவாரத்தில் நூல் நூற்று, தறி ஓட்டும் தொழிலாளியோ சேர்வராயன் மலையைத் தினமும் பார்க்கிறான், ஏறுவதில்லை. பஸ் கட்டணம் மட்டுமா அவனைத் தடுக்கிறது? ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. விவசாயக் கூலிக்கு விடுமுறை என்ற பேச்சே கிடையாது. வேலை இல்லாத நாள் உண்டு. அன்று அடுப்பும் எரியாது.

மலைமேல் உழைப்பவர் கதை என்ன? 1820-களில் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்று சரித்திரம் எழுதுகிறது. குழி வெட்டியவர் பெயரை எழுதவில்லை. வந்தவர்கள் ரசிக்கும் அதே பனியில்தான் பெண்கள் காப்பிப் பழம் பறிக்கிறார்கள். வீடு, வைத்தியம், குழந்தைக் காப்பகம் தருவது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சிறு தோட்டத்துக் கூலிகளுக்கு அது எட்டவே இல்லை. தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் உரிமையை ஒப்புக்கொள்ள 2006-ல்தான் வன உரிமைச் சட்டம் வந்தது.

ஓய்வு கேட்பது சோம்பேறித்தனம் என்பார்கள் சிலர். 1936-ல் பிரான்சுத் தொழிலாளர் ஆலைக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்துடன் 2 வார விடுமுறை அந்த ஆண்டே சட்டமாயிற்று. ரயிலேறிப் போன பல குடும்பங்கள் முதன்முதலாகக் கடலைக் கண்டன. கடல் என்றும் அங்கேதான் இருந்தது. உரிமைதான் புதிதாக வந்தது!

நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு 1 நாள் வீதம் சம்பளத்துடன் விடுமுறை தந்தது. 240 நாள் முடியுமுன்பே கணக்குத் தீர்த்து அனுப்பப்பட்ட காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது.

ஆகவே நாம் கேட்பது இது: காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் சம்பளத்துடன் ஓய்வு வேண்டும். உழைப்பாளி குடும்பம் குறைந்த வாடகையில் தங்க ஏற்காட்டில் சர்க்கார் விடுதி வேண்டும். மலையில் உழைப்போருக்கு நியாயமான கூலியும் ஒழுகாத வீடும் வேண்டும். ஆலைத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் சேர்ந்து கேட்டால்தான் இது கிடைக்கும்.

காப்பி பறிக்கும் பெண்ணும், தறி ஓட்டும் தோழனும், நாற்று நடும் தாயும் தங்கள் பிள்ளைகளோடு கிளியூர்ச் சாரலில் நனையும் நாள் வரட்டும். அன்றைக்கு 'ஏழைகளின் ஊட்டி' என்று நாமே பலகை எழுதி மாட்டுவோம்!