வீடு திரும்பிய பின் வரும் மூன்று மாதங்கள்

மனநல வார்டு என்றதும் மலேசியத் தமிழர் பலருக்கும் இன்றும் நினைவுக்கு வருவது தஞ்சோங் ரம்புத்தான்தான். 1911இல் பேராக்கில் நிறுவப்பட்டு, இப்போது உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என வழங்கும் அந்நிலையம், நோயாளியைச் சொந்த ஊரிலிருந்து விலக்கி வைத்துப் பராமரித்த காலத்தில் பிறந்தது. அதற்கு மாற்றுவழி திறந்தது பினாங்கில். 1958இல் பினாங்குப் பொது மருத்துவமனையில் தொடங்கப்பட்டதுதான் நாட்டில் பொது மருத்துவமனைக்குள் அமைந்த முதல் மனநலப் பிரிவு. நீரிழிவுக்காரரும் கால் முறிந்தவரும் நுழையும் வாசல் வழியாகவே மனம் குலைந்தவரும் வரலாம் என்றானது. மனநல மருத்துவனான எனக்கு அது பெருமைக்குரிய முன்னோடி. ஆனால், அந்த முயற்சி பாதியில் நிற்கிறது என்பதே என் வாதம். சிகிச்சையை ஊருக்குள் கொண்டுவந்துவிட்டோம். வார்டிலிருந்து வீடு வரையிலான வழியைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

வார்டின் பயன் சிறிதல்ல. நாள்கணக்கில் தூங்காமல், காதில் கேட்கும் குரல்களுக்கு அஞ்சியோ வாழவே வேண்டாம் என்ற எண்ணத்தோடோ வருபவருக்குப் பாதுகாப்பான இடமும் சரியான மருந்தும் உயிர் காப்பவை. சம்மதமின்றிச் சேர்க்க நேர்ந்தால், 2010இல் நடைமுறைக்கு வந்த 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் காலவரம்பு விதிக்கிறது: முதலில் 24 மணி நேரம், பரிசோதனைக்குப் பின் அதிகபட்சம் ஒரு மாதம், அதற்கு மேலும் தேவையென்றால் மருத்துவர்களின் மறுபரிசோதனை. சேர்ப்பதில் இவ்வளவு எச்சரிக்கை காட்டும் நாம், டிஸ்சார்ஜ் அன்று பெரும்பாலும் தருவது மருந்துப் பையும் அடுத்த சந்திப்புத் தேதி எழுதிய அட்டையும்தான்.

இது ஏன் போதாது? ‘ஜாமா சைக்கியாட்ரி’ ஆய்விதழில் 2017இல் வெளியான தொகுப்பாய்வு, பல நாடுகளின் 100 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மனநல வார்டுகளிலிருந்து வெளியேறியோரிடையே தற்கொலை விகிதம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 484. முதல் மூன்று மாதங்களுக்குள் மட்டும் பார்த்தால் அவ்விகிதம் 1,132. வார்டுதான் ஆபத்தை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. கடும் துயரில் இருப்பவர்களே அங்கு சேர்க்கப்படுகிறார்கள். பெரும்பாலோர் அந்த மாதங்களைக் கடந்து தேறிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் ஆபத்து எப்போது உச்சத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அந்த நேரத்தில் விலகி நிற்பது நியாயமாகாது.

என்ன செய்யலாம் என்பதற்கான சான்று நம் பக்கத்திலிருந்தே வருகிறது. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் ஐந்து களங்களில் சென்னையும் கொழும்பும் இருந்தன. ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதனுடன் ஒரு மணி நேர விளக்கமும், 18 மாதங்களில் தொலைபேசியிலோ நேரிலோ ஒன்பது முறை நலம் விசாரிப்பும். தற்கொலையால் இறந்தோர் வழக்கமான பிரிவில் 2.2 விழுக்காடு, விசாரிக்கப்பட்டோரில் 0.2 விழுக்காடு. அவர்கள் மனநல வார்டிலிருந்து அல்லாமல் அவசரப் பிரிவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதால் இம்முடிவை அப்படியே இங்கு பொருத்த முடியாது. இருந்தும், செலவு குறைந்த இந்த முறையை முயன்று பார்க்கத் தயங்குவதற்குக் காரணமில்லை.

பினாங்கில் இதற்கு உள்ளூர் வடிவம் வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒருவருக்கு இருமுனைக் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். வார்டில் மீட்ட தூக்கத்தை இரண்டு வார இரவு ஷிப்டு கலைத்துவிடக்கூடும். தூக்கம் கெட்டால் நோய் திரும்பலாம். பகல் ஷிப்டு வேண்டுமென்று கேட்க அவருக்குத் தயக்கம். எம்.சி.யில் எந்தப் பிரிவின் முத்திரை இருக்கிறது என்று மேலாளர் பார்த்துவிடுவாரோ என்ற அச்சம். வீட்டிலோ, மருந்து சாப்பிடுவதைக் கண்காணிப்பதா, தனியே விடுவதா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. நோயின் பெயரை வெளியிடாமல் வேலைநேரத்தை மட்டும் பரிந்துரைக்கும் கடிதம், குடும்பத்தாருக்கு அவர்கள் மொழியில் ஓர் அமர்வு, ஏழு நாளுக்குள் தெரிந்த தாதியிடமிருந்து அழைப்பு. இவை மருந்துச் சீட்டோடு சேர்ந்தே எழுதப்பட வேண்டியவை.

ஆள் எங்கே என்று சக ஊழியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வார்டிலேயே தாதியர் திணறும்போது தொலைபேசி எடுக்க யாரை அனுப்புவது? படுக்கைகளைக் கூட்டுவதே முதல் தேவை என்ற வாதத்தையும் நான் தள்ளவில்லை. 2019இல் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு, 2023 தேசிய ஆய்வில் 4.6 ஆகியிருக்கிறது; தேவை குறையப்போவதில்லை. ஆனால், தேறிச் சென்றவர் சில வாரங்களில் மீண்டும் வந்தால் அதுவும் ஒரு படுக்கைதான். இன்னொரு மறுப்பு எனக்கு இதைவிடக் கனமானது: வெளியே வந்தவரை விடாமல் அழைப்பது வேவு பார்ப்பதாகாதா? ஆகலாம். அதனால்தான் அழைக்கலாமா, யார் அழைக்க வேண்டும், வீட்டில் எவருக்குச் சொல்லலாம் என்பதை டிஸ்சார்ஜுக்கு முன் நோயாளியே முடிவுசெய்ய வேண்டும்.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவை நாடு 2023இல் நீக்கியது. சுகாதார அமைச்சின் ஹீல் 15555 தொலைபேசிச் சேவையும் இருக்கிறது. இரண்டும் நல்லவை, இரண்டுமே துயரப்படுபவர் தாமாக உதவி தேடி வருவதை எதிர்பார்க்கின்றன. முதல் மூன்று மாதங்களில் அந்த முதலடியை நாங்கள் வைக்க வேண்டும். எத்தனை படுக்கைகள் நிரம்பின என்பதோடு, வீடு திரும்பியோரில் எத்தனை பேரை ஏழு நாளுக்குள் தொடர்புகொண்டோம் என்ற கணக்கையும் ஒவ்வொரு மனநலப் பிரிவும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். அந்த எண் எங்களுக்குச் சங்கடம் தருவதாக இருந்தாலும் மறைக்கக் கூடாது. எங்களிடம் கணக்குக் கேட்க மக்களுக்கு அது வழிசெய்யும்.

(கட்டுரையாளர் ஒரு மனநல மருத்துவர்)