பழைய தராசில் புதிய பார்வையாளர்கள்

வாரந்தோறும் வெளியாகும் தொலைக்காட்சிப் பார்வையாளர் புள்ளிவிவரத்தைக் கொண்டே விளம்பரக் கட்டணங்கள் பேரம் பேசப்படுகின்றன. அதை அளிக்கும் 'பார்க் இந்தியா' அமைப்பு, 2020-இல் சுமார் 44,000 வீடுகளில் அளவீட்டுக் கருவி பொருத்தியிருந்தது. தொலைக்காட்சி உள்ள வீடுகளோ, அதன் அப்போதைய மதிப்பீட்டின்படி 21 கோடி. அதாவது, ஒரு வீடு சராசரியாக 4,800 வீடுகளுக்காகப் பேசியது.

எல்லா வீடுகளும் சமமாகப் பேசுவதில்லை என்பதுதான் நுட்பம். கல்லூரியில் பணியாற்றியபோது மாணவர்களைக் கள ஆய்வுக்கு அனுப்புவேன். பகலில் கதவைத் திறப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் முதியவர்களுமே. 1,000 பேரில் பெண்கள் 700, ஆண்கள் 300 என்று வைத்துக்கொள்வோம். மக்கள்தொகையில் இருபாலரும் சரிபாதி எனில், ஒவ்வொரு பெண்ணின் பதிலுக்கும் 0.71, ஆணின் பதிலுக்கு 1.67 என எடையிட வேண்டும். விகிதம் சரியாகிவிடும். ஆனால், துல்லியத்தைப் பொருத்தவரை அந்த 1,000 பேர் சுமார் 840 பேருக்குச் சமமாகிவிடுவார்கள். இந்த விலையை ஆய்வறிக்கைகள் அரிதாகவே சொல்கின்றன.

எடையிடுதலில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மாதிரியில் குறைவாக இடம்பெற்ற பிரிவினரின் எடை கூடுதலாக இருக்கும். அங்கே ஒரு வீட்டை வசப்படுத்தினால் பலன் பல மடங்காகும். 2020 அக்டோபரில் மும்பை காவல் துறை டிஆர்பி முறைகேட்டுப் புகாரை வெளிப்படுத்தியபோது, யார் பணம் கொடுத்தார்கள் என்பதே விவாதமானது. எந்த வீட்டுக்கு எவ்வளவு எடை என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

அதைவிட அடிப்படையான சிக்கல், தராசின் படிக்கல்லே பழையது என்பது. நம் நாட்டின் மாதிரி ஆய்வுகள் பலவற்றுக்கும் ஆதாரம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதன் மீது கட்டப்பட்ட கணிப்புகளும்தான். அன்றைய கிராமங்கள் சில இன்று புறநகர்கள். அன்று பள்ளிக்குச் சென்ற சிறுவர் இன்று குடும்பத் தலைவர். கேட்பவர் எவ்வளவு நேர்மையாகக் கேட்டாலும், தவறான விகிதத்துக்கு எடையிட்டால் பிழைக்கு அறிவியல் முலாம் பூசியதாகவே ஆகும்.

எடையிடாத எண்ணிக்கை, எடையின் உச்ச வரம்பு, அடிப்படை ஆண்டு ஆகிய மூன்றையும் ஒவ்வோர் ஆய்வும் வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். இதில் வணிக ரகசியம் ஏதுமில்லை.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பின் முடிவுகள் வந்ததும் எடைகள் திருத்தப்படும். அப்போது சில அலைவரிசைகளின் பார்வையாளர்கள் ஒரே வாரத்தில் கூடலாம், சிலவற்றுக்குக் குறையலாம். மக்களின் ரசனை மாறிவிட்டதாக அதற்கு விளக்கமும் சொல்லப்படும்.